ஒரு லட்சம் வோல்ட் துடிப்பை வீசும் ஆன்டெனா

மழைக்காலத்தில் ஏஎம் ரேடியோ கேட்டுப் பழகியவர்களுக்கு இது தெரியும். தூரத்தில் எங்கோ மின்னல் வெட்டினால் ரேடியோவில் ‘கரக்’ என்று ஒரு சத்தம் வரும். இடி காதுக்கு வந்து சேர்வதற்கு முன்பே அது வந்துவிடும். வீட்டில் யாராவது டியூப்லைட் சுவிட்சைத் தட்டினாலும் அதே ‘கரக்’. ஸ்டேஷனை மாற்றியும் தப்ப முடியாது. முள்ளை எங்கே நகர்த்தினாலும் அடுத்த மின்னல் அங்கேயும் கேட்கும்.

எல்லா ஸ்டேஷனிலும் கேட்கிறதே, அதுதான் நமக்கு வேண்டிய முதல் பாடம். வானொலி நிலையம் தனக்கென்று ஒதுக்கிய அதிர்வெண்ணில் மட்டும் அலையை அனுப்புகிறது. மின்னலுக்கோ சுவிட்சில் தெறிக்கும் பொறிக்கோ அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மின்னோட்டம் சட்டென்று பாய்ந்து சட்டென்று நிற்கிறது. எவ்வளவு சட்டென்று நடக்கிறதோ, அவ்வளவு அகலமாக அதன் ஆற்றல் அதிர்வெண்களின் மேல் பரவிக் கிடக்கும். பொறியாளர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: 0.35ஐ மின்னழுத்தம் ஏற எடுக்கும் நேரத்தால் வகுத்தால் எதுவரை பரவும் என்று தோராயமாகத் தெரியும். ஏறும் நேரம் 100 பிக்கோ நொடி என்றால் 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை. ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் பிக்கோ நொடி.

சரி, இந்தக் ‘கரக்’கை வேண்டுமென்றே உண்டாக்க வேண்டும். சுவிட்சில் தெறிப்பதுபோல அல்ல, ஒரு லட்சம் வோல்ட்டில், 100 பிக்கோ நொடியில் ஏறும் துடிப்பாக. அதை நாலாபுறமும் சிதறவிடாமல் ஒரே திசையில் வீச வேண்டும். விமானம், வாகனம் போன்றவற்றின் மின்னணுக் கருவிகள் இப்படிப்பட்ட அடியைத் தாங்குமா என்று சோதிப்பவர்களுக்கு இது தேவை. நுண்ணிய தூர வேறுபாட்டைப் பிரித்துக் காட்டும் ரேடார் ஆய்விலும் பயன்படுகிறது. 2019இல் வந்த ஐபோன் 11 முதல் சில கைபேசிகளிலும் அல்ட்ரா வைட்பேண்ட், அதாவது மிக அகன்ற அலைவரிசை, என்று ஒன்று இருக்கிறதே, அதுவா இது? பெயரில் உறவு உண்டு. ஆனால் கைபேசியில் இருப்பது மிகச் சன்னமான முணுமுணுப்பு. நாம் பேசப்போவது வேட்டுச் சத்தம்.

புதிய தொழில்நுட்பம்போலத் தோன்றினாலும், ரேடியோ பிறந்ததே இப்படித்தான். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் 1880களின் கடைசியில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை நிரூபித்தபோது அவர் கையில் இருந்தது ஒரு தூண்டுச்சுருளும், இரண்டு உலோகத் தண்டுகளுக்கு நடுவே ஒரு தீப்பொறி இடைவெளியும்தான். துத்தநாகத் தகட்டைப் பரவளைய வடிவில் வளைத்து, அதன் குவியக் கோட்டில் பொறியை வைத்து அலையை ஒரு திசையில் அனுப்பினார். 1890களில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸும் பொறியிலிருந்தே மில்லிமீட்டர் அலைகளை உண்டாக்கினார். அலையைச் சேகரிக்கப் புனல் ஒன்றையும் வைத்தார். இன்று ஹார்ன் ஆன்டெனா என்கிறோமே, அதன் மூதாதை அது. பின்னர் பொறி டிரான்ஸ்மிட்டர்கள் ஒன்றையொன்று இடைஞ்சல் செய்ததால் சட்டம் போட்டு ஒழித்துக்கட்டினார்கள். சுமார் நூறு ஆண்டுகள் கழித்து அதே பொறியும் அதே பரவளையமும் ஆய்வகத்துக்குள் திரும்பி வந்திருக்கின்றன. ஒரு வித்தியாசம் உண்டு: ஹெர்ட்ஸின் தண்டுகள் மணிபோல ஒலித்தன. நமக்கு அது கூடாது.

மணி என்று சொல்லக் காரணம் இருக்கிறது. வழக்கமான ஆன்டெனா ஒத்ததிர்வில் வேலை செய்கிறது. கோயில் மணியை ஒருமுறை அடித்தால் அது தன் சுருதியில் நெடுநேரம் ரீங்கரிக்கும். ஒரே சுருதி போதும் என்றால் அது வசதி. ஆனால் நாம் கொடுப்பது ஓர் ‘அடி’. வெளியேயும் ஓர் ‘அடி’யாகவே போய்ச் சேர வேண்டும். மணியை வைத்துக்கொண்டு அது நடக்காது.

அப்படியானால் பல அதிர்வெண்களுக்கு ஒத்துவரும் ஆன்டெனாவைப் போட்டால் என்ன? மொட்டைமாடியில் இருந்த பழைய டிவி ஆன்டெனாக்களில் ஒரு வகை, குட்டையிலிருந்து நெட்டைவரை குச்சிகள் வரிசையாக இருக்குமே, அந்த லாக் பீரியாடிக் ஆன்டெனா மிக அகலமான அலைவரிசையைக் கையாளும். இங்கேதான் புதிதாக வருபவர்கள் எல்லோரும் சறுக்குவார்கள். நானும் சறுக்கியிருக்கிறேன். அந்த ஆன்டெனாவில் உயர் அதிர்வெண் குட்டைக் குச்சிகளிலிருந்தும், தாழ் அதிர்வெண் நெட்டைக் குச்சிகளிலிருந்தும் கிளம்புகின்றன. இடம் வேறு, அதனால் நேரமும் வேறு. ஓர் அரங்கில் ஆயிரம் பேர் ஒரே கணத்தில் ஒருமுறை கைதட்டினால் அது வெடி. அதே ஆயிரம் பேர் வரிசைக்கு வரிசை தாமதித்துத் தட்டினால் அது மழைச் சத்தம். ஆற்றலில் குறைவில்லை, ஆனால் துடிப்பு செத்துவிட்டது. எல்லா அதிர்வெண்ணையும் அனுப்பினால் போதாது, எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து ஒரே கணத்தில் அனுப்ப வேண்டும். இந்தத் துறையின் முதல் நிபந்தனை இதுதான்.

அதற்கு விடை ஒரு வடிவம்: கூம்பு. இரண்டு முக்கோணத் தகடுகளை எடுத்து, கூர் முனைகளைக் கிட்டத்தட்ட ஒட்டவைத்து, மறுமுனைகளை முதலை வாய்போலத் திறந்துவைத்துப் பாருங்கள். முனையிலிருந்து 1 சென்டிமீட்டரில் தகட்டின் அகலம் எவ்வளவு, இரண்டுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு என்று அளந்து விகிதம் எடுங்கள். 50 சென்டிமீட்டரிலும் அதே விகிதம்தான் வரும். அலைக்குத் தெரிவது அந்த விகிதம் மட்டுமே. அதுதான் இம்பீடன்ஸை, அதாவது அலையில் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதத்தை, முடிவு செய்கிறது. விகிதம் மாறாததால் அலை, தான் நகர்வதையே உணராமல் வாய்வரை வந்துவிடும். எங்கே வடிவம் மாறுகிறதோ அங்கே ஒரு பங்கு திரும்பிப் போகும். மேடு பள்ளம் இல்லாத சாலை போட்டால் வண்டி குலுங்காது என்பதைப்போல. இந்த முதலை வாய்க்கு டெம் ஹார்ன் என்று பெயர்.

இன்னொரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மாறாத மின்னழுத்தம் அலையை உண்டாக்காது, மாற்றம்தான் உண்டாக்கும். தொலைவில் ஒருவர் அளக்கும் மின்புலம், நாம் கொடுத்த மின்னழுத்தத்தின் உயரத்தைப் பொறுத்ததல்ல, அது ஏறும் சரிவைப் பொறுத்தது. 1 லட்சம் வோல்ட்டை 1 நானோ நொடியில் ஏற்றினாலும் 10,000 வோல்ட்டை 100 பிக்கோ நொடியில் ஏற்றினாலும் சரிவு ஒன்றுதான். அதே ஆன்டெனாவில் போட்டால் நேர் எதிரே தொலைவில் கிடைக்கும் உச்சமும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே வோல்ட்டை இரட்டிப்பாக்குவதும் ஏறும் நேரத்தைப் பாதியாக்குவதும் சமம். நியாயமாகப் பார்த்தால் எல்லோரும் நேரத்தைத்தான் குறைக்க வேண்டும், அதுதான் மலிவு. ஏன் அது மட்டும் போதவில்லை என்பதற்கு வருகிறேன்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கி நகரை ஒட்டி கர்ட்லாண்ட் விமானப்படைத் தளம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய கார்ல் பௌம் 1989இல் ஒரு யோசனையை எழுதினார். கூம்பு வடிவத் தகடுகளில் புறப்படும் அலை உருண்டையாக விரிகிறது. அதை ஒரு பரவளைய டிஷ்ஷின் மேல் பட வைத்தால், டார்ச் லைட்டில் நடப்பதுபோல நேரான தட்டை அலையாகத் திரும்பும். டிஷ் கண்ணாடி மாதிரி, எல்லா அதிர்வெண்ணுக்கும் பாதை நீளம் ஒன்றே. யாரும் பிந்த மாட்டார்கள். படிக்கட்டுபோல ஒரே எகிறலாக மின்னழுத்தத்தைக் கொடுத்தால், தொலைவில் அதன் சரிவு மட்டும், அதாவது ஊசிபோன்ற ஒற்றைத் துடிப்பு கிடைக்கும். இதற்கு ‘இம்பல்ஸ் ரேடியேட்டிங் ஆன்டெனா’ என்று பெயர். துறைக்குள் ‘ஐரா’ என்பார்கள்.

1994இல் அதன் முதல் பெரிய மாதிரி தயாரானது. டிஷ்ஷின் விட்டம் 3.66 மீட்டர். ஒரு பக்கம் கூட்டல் 60,000 வோல்ட், மறுபக்கம் கழித்தல் 60,000 வோல்ட், ஆக மொத்தம் 1,20,000. சுமார் 300 மீட்டர் தள்ளி மீட்டருக்கு ஏறக்குறைய 4,000 வோல்ட் மின்புலத்தை அது உண்டாக்கியது.

இனி வோல்ட்டுக்கு வருவோம். என்னைக் கேட்டால் இந்த வடிவமைப்பின் மொத்தச் சண்டையும் ஓர் எண்ணுக்குள் இருக்கிறது: 3 சென்டிமீட்டர்.

ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும். 100 பிக்கோ நொடியில் 3 சென்டிமீட்டர். நம் துடிப்பின் முகப்பு அவ்வளவுதான் தடிமன். அதைக் கெடுக்காமல் இருக்க வேண்டுமானால், துடிப்பு பிறக்கும் இடத்தில் உள்ள சுவிட்ச் (இதுவும் ஒரு பொறி இடைவெளிதான்), இணைப்பு எல்லாமே 3 சென்டிமீட்டரைவிடக் கணிசமாகச் சின்னதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சுவிட்சின் ஒரு ஓரத்திலிருந்து கிளம்பும் அலை மறு ஓரத்து அலைக்குப் பிந்தி, முகப்பு மழுங்கிவிடும். இது ஒரு பக்கம்.

மறுபக்கம்: சாதாரணக் காற்று ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட் வரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால் பொறி பறக்கும். அப்படியானால் ஒரு லட்சம் வோல்ட்டைத் தடுத்து நிறுத்த எவ்வளவு இடைவெளி வேண்டும்? 3 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம்.

பார்த்தீர்களா? வேகம் ‘3 சென்டிமீட்டருக்குள் அடக்கு’ என்கிறது. வோல்ட் ‘3 சென்டிமீட்டராவது கொடு’ என்கிறது. வோல்ட்டைக் கூட்டக் கூட்ட இடைவெளி கூட வேண்டும், நேரத்தைக் குறைக்கக் குறைக்க இடைவெளி குறைய வேண்டும். இரண்டு பேரும் ஒரே கயிற்றின் இரு முனைகளைப் பிடித்திருக்கிறார்கள். ஆன்டெனாவின் மற்ற இடங்களில் இந்தப் பிரச்சினை இல்லை. தகடுகள் விரிய விரிய இடைவெளி தானாகக் கூடிவிடும். கூம்பின் கூர் முனையில், ஒரு கைப்பிடி அளவுக்குள், எல்லாத் தலைவலியும் குவிந்து கிடக்கிறது.

இதைத் தீர்க்கும் வழிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுவையானவை. முதல் வழி, இடைவெளியில் சாதாரணக் காற்றுக்குப் பதில் அழுத்திய வாயுவை வைப்பது. வாயுவை நெருக்கி அழுத்தினால் எலக்ட்ரான்கள் வேகம் எடுப்பதற்குள் மூலக்கூறில் முட்டிக்கொள்ளும். பொறி எளிதில் கிளம்பாது. 1994 மாதிரியில் சுவிட்சுக்குள் இருந்தது சுமார் 100 வளிமண்டல அழுத்தத்தில் அடைத்த ஹைட்ரஜன். பல சென்டிமீட்டர் கேட்கும் வேலை சில மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும். ஹைட்ரஜன் ஏன்? ஒரு பொறி அடித்து முடிந்த பின் அது மிக வேகமாகப் பழைய நிலைக்குத் திரும்பும். நொடிக்கு நூற்றுக்கணக்கான துடிப்பு வேண்டும் என்றால் அது முக்கியம்.

இரண்டாவது வழி எண்ணெய். டிரான்ஸ்ஃபார்மரில் ஊற்றுகிறார்களே, அதே ரக எண்ணெய்தான். கூர் முனைப் பகுதியை எண்ணெய்க்குள் மூழ்கடித்தால் காற்றைவிடப் பல மடங்கு தாங்கும். இங்கே காலமும் நம் பக்கம் நிற்கிறது. இங்கிலாந்தின் ஆல்டர்மாஸ்டனில் 1960களில் சார்லி மார்ட்டின் குழுவினர் கண்ட கணக்குப்படி, எண்ணெயில் மின்னழுத்தம் நிற்கும் நேரத்தை எட்டில் ஒரு பங்காக்கினால் அது தாங்கும் மின்புலம் இரட்டிப்பாகும். உடைவதற்கு எண்ணெய்க்கும் அவகாசம் வேண்டும், கொடுக்காவிட்டால் உடையாது.

ஆனால் எண்ணெய் ஓர் இம்சையையும் கூட்டிக்கொண்டு வரும். அதற்குள் அலை ஒளி வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில்தான் போகும். எண்ணெயிலிருந்து காற்றுக்கு வரும்போது அலை வளையும், ஒரு பங்கு திரும்பும், உருண்டை வடிவமும் கெடும். கெட்டால் டிஷ்ஷுக்கு அது குவியத்திலிருந்து வரும் அலையாகத் தெரியாது. எனவே எண்ணெய் முடியும் இடத்தில் பிளாஸ்டிக்கில் கடைந்த ஒரு லென்ஸை வைக்கிறார்கள். பாலிஎத்திலீன் போன்ற பிளாஸ்டிக்கில் அலையின் வேகம் எண்ணெயில் இருப்பதோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். அதனால் இரண்டுக்கும் நடுவே எல்லையே இல்லாததுபோல அலை கடந்துவிடும். அதன் வெளிப்புற வளைவை மட்டும் கணக்குப் போட்டுச் செதுக்கினால், காற்றுக்குள் வரும் அலை மறுபடி சுத்தமான உருண்டையாகிவிடும். மூக்குக்கண்ணாடி செய்பவர் செய்யும் வேலைதான், ரேடியோ அலைக்குச் செய்கிறார்கள்.

உலோகம், பிளாஸ்டிக், வாயு மூன்றும் சந்திக்கும் கோடு ஒன்று எப்போதும் இருக்கும். முச்சந்தி என்றே வைத்துக்கொள்ளலாம். அங்கே மின்புலம் குவியும். முதல் பொறி பெரும்பாலும் அங்கேதான் கிளம்பி, பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு வழியே ஊர்ந்து போகும். கூர்மையான ஓரங்களை உருட்டிவிட்டால் தப்பலாம். உருட்டினால் கூம்பின் விகிதம் கெட்டு அலை திரும்பும். எவ்வளவு உருட்டுவது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. கணினியில் போட்டுப் பார்த்து, பிறகு செய்து பார்த்து, கருகிய தடத்தைப் பார்த்துத் திருத்துவதுதான்.

இவ்வளவு பாடுபட்டு வோல்ட்டைக் கூட்டுவதற்கான காரணமும் இங்கே இருக்கிறது. நேரத்தைக் குறைத்துக்கொண்டே போக முடியாது. பொறியில் கடத்தும் பாதை உருவாகவே ஒரு நேரம் தேவை. அதற்குக் கீழே பொறி சுவிட்ச் போகாது. அந்தச் சுவரில் முட்டிய பிறகு மிஞ்சுவது வோல்ட்டும் டிஷ்ஷின் அளவும்தான். பௌமின் குழு 2004இல் விவரித்த ‘ஜோல்ட்’ என்ற கருவி இந்த வழியில் போனது. சுமார் 10 லட்சம் வோல்ட். கூட்டல், கழித்தல் என்று இரண்டு மின்மூலங்களை அவ்வளவு வோல்ட்டில் ஒரே கணத்தில் இயக்குவது பெரும்பாடு என்பதால், டிஷ்ஷைப் பாதியாக வெட்டி ஓர் உலோகத் தரையின் மேல் நிறுத்தினார்கள். மறுபாதியின் வேலையைத் தரையில் விழும் பிம்பம் பார்த்துக்கொள்ளும். தொலைவையும் அங்கே அளந்த மின்புலத்தையும் பெருக்கினால் வந்த எண் சுமார் 53 லட்சம் வோல்ட். அரை கிலோமீட்டர் தள்ளி மீட்டருக்குச் சுமார் 10,000 வோல்ட் என்று கணக்கு.

கேட்க பயங்கரமாக இருக்கும். ஆனால் ஆற்றல் கணக்கு வேறு மாதிரி. 200 ஓம் ஆன்டெனாவில் 1 லட்சம் வோல்ட் என்றால் அந்தக் கணத்தில் 5 கோடி வாட். அது ஒரு நானோ நொடி மட்டும் நீடித்தால் மொத்தம் 0.05 ஜூல். நொடிக்கு 200 முறை அடித்தாலும் சராசரி 10 வாட், ஓர் எல்இடி பல்பு அளவு. இதற்காக அலட்சியம் வேண்டாம். துடிப்புக்கான மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தை அணைத்த பிறகும் ஆளைக் கொல்லும். வீட்டில் செய்து பார்க்கிற சங்கதி அல்ல இது.

தாழ் அதிர்வெண் பக்கமும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. ஆன்டெனாவின் அளவைவிட மிக நீளமான அலைகள் அதிலிருந்து கிளம்பாது. தகட்டின் கடைசிவரை வந்து, வழி தெரியாமல் திரும்பி, சுவிட்சைப் போய் அடிக்கும். பிறகு மறுபடி வரும். மணி ஒலிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஐராவில் தகடுகள் டிஷ்ஷைத் தொடும் இடத்தில் மின்தடைகளை வைத்து அந்த மிச்சத்தைச் சூடாக்கி விழுங்கிவிடுகிறார்கள். ரஷ்யாவின் டோம்ஸ்க் நகரில் உள்ள உயர் மின்னோட்ட மின்னணுவியல் நிறுவனத்தில் விளாதிமிர் கோஷெலெவ் குழு வேறு கோணத்தில் யோசித்தது. கிளம்பவே போகாத அதிர்வெண்ணை எதற்காக ஊட்ட வேண்டும்? கூட்டலாக ஏறி உடனே கழித்தலாக இறங்கும் இரட்டைத் துடிப்பைக் கொடுத்தார்கள்; அதில் தாழ் அதிர்வெண் பங்கு மிகக் குறைவு. குச்சி போன்ற மின் இருமுனை, வளையம் போன்ற காந்த இருமுனை, ஹார்ன் என மூன்று வகை ஆன்டெனாவையும் ஒரே சிறிய உடலில் இணைத்து, அப்படிப் பலவற்றை அடுக்கி ஒரு சுவராக்கினார்கள். ஒரே இடத்தில் பத்து லட்சம் வோல்ட்டைக் கட்டிக் காக்கும் தொல்லை அதில் இல்லை. பல சின்ன ஆன்டெனாக்களை ஒரே கணத்தில் கிளப்பும் தொல்லை இருக்கிறது.

கடைசியாக அளப்பது. பெரிய டிஷ்ஷின் முன்னால் பத்து மீட்டரில் நின்று அளந்தால் உண்மை தெரியாது. டிஷ்ஷின் ஓரத்திலிருந்து வரும் பாதையும் நடுவிலிருந்து வரும் பாதையும் நீளத்தில் வேறுபடும். அந்த வேறுபாடு 3 சென்டிமீட்டரில் ஒரு சிறு பங்காகக் குறைய வேண்டும். விட்டத்தின் வர்க்கத்தை, ஏறும் நேரத்தில் ஒளி போகும் தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்று வரும். 3.66 மீட்டர் டிஷ்ஷுக்கு 200 மீட்டருக்கு மேல். அந்த மாதிரியை 300 மீட்டர் தள்ளிப்போய் அளந்ததில் ஆச்சரியமில்லை.

அளக்கும் திரையில் முதலில் தெரிவது ஊசி அல்ல, தலைகீழான ஒரு சின்னப் பள்ளம். டிஷ்ஷுக்குப் போகாமல் குவியத்திலிருந்து நேராக முன்னால் கசிந்த அலை அது. குவியம் டிஷ்ஷிலிருந்து 1.2 மீட்டர் என்றால், போய்வர 2.4 மீட்டர், 8 நானோ நொடி கழித்து ஊசி வரும். மின்காந்த அலை ஒரு பக்கமாக மட்டும் சாய்ந்திருக்க முடியாது, திரையில் வரையும் கோட்டின் கூட்டல் பக்கப் பரப்பும் கழித்தல் பக்கப் பரப்பும் ஒன்றையொன்று ஈடுகட்ட வேண்டும். ஊசிக்கான கடனை அந்தப் பள்ளமும் பின்னால் வரும் வாலும் அடைக்கின்றன. இவை எல்லாம் எதிர்பார்த்தவை. ஊசிக்கு 2 நானோ நொடி பின்னால், எதுவும் இருக்கக் கூடாத இடத்தில், ஒரு மேடு தெரிந்தால்தான் கவலை. 2 நானோ நொடி என்றால் 60 சென்டிமீட்டர், போய்வந்த வழி என்றால் பாதி. முனையிலிருந்து 30 சென்டிமீட்டரில் ஏதோ ஒன்று அலையைத் திருப்புகிறது: ஓரம் தூக்கிய தகடோ, துருத்திய போல்ட்டோ. ஸ்பேனரோடு அங்கே போய்ப் பார்க்க வேண்டியதுதான். அதற்கு முன் கெப்பாசிட்டரை எர்த் செய்துவிட்டு.